எந்த மலைக்கு வேலைக்குப் போனீங்க?

ஏலக்காய் கொப்பில் காய்த்துத் தொங்குவதில்லை. செடி ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து நின்றாலும், காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. காய் எடுக்கப் போகிறவர் குனிந்தே நிற்க வேண்டும். இடுப்பு தாங்காதபோது தூரடியில் உட்கார்ந்துவிட வேண்டும். நிழல் மரங்கள் உதிர்த்த சருகு அடியில் மக்கிக் கிடக்கும். மேலே சாரல், கீழே ஈரம். முற்றிய காயாகப் பார்த்துக் கிள்ளி, அடுத்த தூருக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து என்று பொழுது முழுக்க இப்படியே போகும்.

போடிநாயக்கனூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த வேலையை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது. விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம் பக்கம். கூடலூர் தாண்டிக் குமுளி வழியாக வண்டன்மேடு பக்கம். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது விடிவது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில், இருட்டும்போது வீடு திரும்புவது மறுபடி தமிழ்நாட்டுக்கு.

அந்த மலைச்சரிவின் புல்லிலும் புதரிலும் சருகிலும் வாழ்கிற ஒரு காய்ச்சல் உண்டு. மருத்துவர்கள் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். சுகாதாரத் துறை உண்ணிக் காய்ச்சல் என்கிறது. நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மிகக் குறைந்த விலை மாத்திரையில் தீர்ந்துவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதித்து ஆளையே கொண்டுபோகும். கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான். நோயாளியின் வீடு எங்கே என்பதல்ல அது. வேலை எங்கே என்பது.

பூச்சிகளால் பரவும் நோய்களுக்கு எல்லாம் நிலம் உண்டு. இன்ன உயரம், இன்ன ஈரம், இன்ன செடி, இன்ன தொழில் என்று வரையறுத்துக்கொண்டே அவை வாழ்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கு இதை ஒருமுறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கண்ணுக்குத் தெரியாத கடி

மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை எல்லோரும் பார்த்திருப்போம். இது அதுவல்ல. லெப்டோட்ராம்பிடியம் என்ற இனத்துச் சிற்றுண்ணி. தென்னிந்தியாவில் இந்தக் காய்ச்சலைப் பரப்புவதில் முதலிடம் அதன் டெலியென்ஸ் வகைக்கு. வளர்ந்த உண்ணி மண்ணுக்குள் சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழ்ந்துவிடும். மனிதரைத் தொடுவதே இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏதாவது ஒரு விலங்கின் தோலில் ஒட்டிக்கொண்டு உணவெடுக்கும். அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. புல் நுனியிலும் சருகின் விளிம்பிலும் கும்பலாக ஏறிக் காத்திருக்கும். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு என்று எது உரசிப் போனாலும் தொற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தால் அவர்மீதும் ஏறும்.

கிருமியின் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கு அது நேரடியாகப் போகிறது. அதாவது இந்தக் கிருமி தங்கியிருக்கும் வீடு எலி அல்ல, உண்ணியேதான். எலியை ஒழித்துவிட்டால் காய்ச்சல் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்ணிக் கூட்டம் நிலமெங்கும் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. ஒரு ஓடைக்கரை, ஒரு கைவிட்ட தோட்டம், காடும் பயிரும் சந்திக்கிற ஒரு விளிம்பு என்று திட்டுத் திட்டாக இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் இந்தத் திட்டுகளைத் தீவு என்றே குறிப்பிடுகிறார்கள். ஒரே ஜீப்பில் போன பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருவதும், மற்றவர்கள் “எங்களுக்கு ஒண்ணும் இல்லையே” என்று சொல்வதும் இதனால்தான்.

கடித்தது வலிக்காது. அரிப்புகூடப் பலருக்குத் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் வரை கழித்துக் காய்ச்சல் கிளம்பும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, வாந்தி. டெங்குவுக்கும் இதே அறிகுறிகள், டைபாய்டுக்கும் இதே, எலிக்காய்ச்சலுக்கும் இதே. வித்தியாசம் காட்டிக்கொடுப்பது கடித்த இடத்தில் உருவாகும் கறுத்த பொருக்கு. சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும், வலி இருக்காது. ஆனால் அது எங்கே இருக்கும் தெரியுமா? உண்ணி தோலின் மடிப்புகளையும் துணி இறுகும் இடங்களையும் தேடிப் போகும். அக்குள், மார்பின் அடி, இடுப்பில் பாவாடைநாடா அழுத்தும் கோடு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம். வலிக்காத பொருக்கை நோயாளி சொல்லப் போவதில்லை. கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், நாக்கை நீட்டச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் அது கண்ணில் படப்போவதும் இல்லை. பெண் நோயாளி என்றால் பெண் மருத்துவரோ செவிலியரோ தனியிடத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் நான் முதலில் வைக்கும் தேவை விலையுயர்ந்த கருவி அல்ல. ஒரு திரைச்சீலையும் ஐந்து நிமிட அவகாசமும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், காய்ச்சலுக்கு வழக்கமாக எழுதிக்கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பல இந்தக் கிருமியிடம் எடுபடாது. அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. பெரிய ஊசி என்று நம்பிப் போடும் செஃப்ட்ரியாக்ஸோனும் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் வேலை செய்யும். அசித்ரோமைசின் வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். சரியான மருந்து உள்ளே போனால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். மருந்தே கொடுக்காமல் விட்ட நோயாளிகளைப் பற்றி உலகெங்கும் பதிவான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு ஆறு பேர் என்பது நடுவான இறப்புக் கணக்கு; சில இடங்களில் இதைப்போலப் பல மடங்கு. நோய் முற்றியவர்களைக் காப்பாற்றுவதில் தமிழ்நாட்டின் பங்கு உலகறிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று அது காட்டியது.

இந்தக் காய்ச்சல் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளிலும் அசாம் எல்லையிலும் போரிட்ட படைகளைத் துப்பாக்கிக்கு நிகராக இது வாட்டியது. போருக்குப்பின் 1948இல் மலாயாவில் ஜோசப் ஸ்மாடெல் குழு குளோரம்ஃபெனிகால் என்ற மருந்தால் இதைக் குணப்படுத்திக் காட்டியது. பிறகு டெட்ராசைக்ளின் மருந்துகள் எங்கும் புழங்கிய காலத்தில், என்ன நோய் என்று தெரியாமலேயே பலர் குணமாகிப் போனார்கள். பாடப்புத்தகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட நோய், 2001–02 குளிர்காலத்தில் வேலூரில் மறுபடி கவனத்துக்கு வந்தது. அண்மையில் வட தமிழகத்துக் கிராமங்களில் 30,000க்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஆண்டுதோறும் பத்துப் பேரில் ஒருவர்வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார் என்று சொல்கிறது. பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. சிலருக்கு உயிருக்கே வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதன் பருவம் மழை தொடங்கிக் குளிர் முடியும் வரை. ஏலக்காய் எடுப்பின் மும்முரமான மாதங்களும் ஏறக்குறைய அவைதான். 

பள்ளத்தாக்கை உலுக்கிய பிளேக்

1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. ஆனால் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி, குறிப்பாகச் சென்னை நகரமும் வெப்பமான கடலோரச் சமவெளியும், ஓரளவு தப்பித்தன. துறைமுகம் இருக்கிறது, எலி இருக்கிறது, தானியக் கிடங்கு இருக்கிறது. பிறகு ஏன்? அதே மாகாணத்தில், மதுரைச் சீமையின் மேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே ஒதுங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் பிளேக் ஏன் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தது?

விடையின் முதல் பாதி கொழும்பிலிருந்து வந்தது. அங்கே நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் எலிகளின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளைப் பொறுக்கி ஆராய்ந்து, எல்லாத் தெள்ளும் ஒன்றல்ல என்று கண்டார். பம்பாயில் நோய் பரப்பியது செனோப்சில்லா கீயோபிஸ். கொழும்பு எலிகளில் பெரும்பாலும் இருந்தது அதன் உறவான அஸ்டியா. அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தம். பிளேக் 1914இல் கொழும்புக்கு வந்தபோது, கீயோபிஸ் இருந்த, தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில்தான் கால் ஊன்றியது.

மறுபாதிக்கு விடை தேடியது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். எச்.எச். கிங்கும் சி.ஜி. பண்டிட்டும் சென்னை மாகாணம் முழுவதற்கும் எலித் தெள்ளுக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொகுத்து 1931இல் வெளியிட்டார்கள். எந்த ஊரில் எந்தத் தெள்ளு, அந்த ஊரின் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, அங்கே பிளேக் வந்ததா என்று நான்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த வேலை அது. (இந்தப் பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானவர்.) ஒரு நோயின் வரைபடத்தை நோயாளிகளை எண்ணி வரையாமல், பூச்சியையும் தட்பவெப்பத்தையும் வைத்து வரைந்த அந்த முயற்சியை, நம் மண்ணில் நடந்த மிகச் சிறந்த அறிவியல் பணிகளில் ஒன்று என்றே சொல்வேன். நம் பள்ளிப் பாடங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

அடுத்து பி.வி. ஜார்ஜ், டபிள்யூ.ஜே. வெப்ஸ்டர் என்ற இருவர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிளேக்கை ஆராய்ந்தார்கள். 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்த அவர்களது நீண்ட அறிக்கை, பிளேக் இலக்கியத்தில் கம்பம் பள்ளத்தாக்கு என்ற பெயரைப் பதித்தது. உலகில் பிளேக் நிலைகொண்ட இடங்களைப் பட்டியலிடும் பிற்கால நூல்களிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது.

பள்ளத்தாக்கின் அமைப்பைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டுப் பக்கத்து மலைகள். தென்மேற்குப் பருவமழையின் சாரலும் இங்கே விழும். வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மதுரை கொதிக்கும்போது கம்பத்தில் காற்று குளிர்ந்திருக்கும். கீயோபிஸ் தெள்ளுக்கு இந்தக் குளிர்ச்சியும் ஈரமும் தேவை. தெள்ளின் குடலில் பிளேக் கிருமி பெருகி வழியை அடைத்துக்கொள்வதால்தான், பசியால் அது திரும்பத் திரும்பக் கடித்துக் கிருமியை உள்ளே கக்குகிறது என்று பேக்கட், மார்ட்டின் இருவரும் 1914இல் காட்டினார்கள். வெயில் கடுமையாக ஏறினால் அந்த அடைப்பு கலைந்துவிடும். தெள்ளின் ஆயுளும் குறையும். சமவெளியில் கோடை செய்த காவலை, பள்ளத்தாக்கில் கோடை செய்யவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. கூடலூரிலிருந்து கீழே 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலாக நிலைபெற்றது. பஞ்சம் போனது, சோறு வந்தது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் இன்றும் பள்ளத்தாக்கின் வீடுகளில் மாட்டியிருப்பது நியாயமான நன்றிக்கடன். ஆனால் குதிர் நிறைந்த வீட்டில் எலியும் நிறையும். மலைத்தோட்டங்களுக்குப் போடி வழியாக அரிசி மேலே ஏறியது, ஏலக்காய் கீழே இறங்கியது, 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. தானிய மூட்டையோடு எலியும் தெள்ளும் ஊர் விட்டு ஊர் போவது பிளேக் ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வளம் வந்த வழியிலேயே நோயும் வர வாய்ப்பிருந்தது என்பது என் வாசிப்பு.

வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அடுத்து மனிதர் என்பதைத் தென்னிந்தியக் கிராமங்கள் அனுபவத்தில் அறிந்திருந்தன. ஊரைக் காலி செய்து, தோப்பிலும் வயற்காட்டிலும் குடிசை போட்டு, நோய் அடங்கும்வரை அங்கேயே இருப்பார்கள். இன்றைய அறிவியலின்படியும் அது சரியான காரியம்: தெள்ளு இருக்கும் இடத்தைவிட்டு மனிதர் விலகிவிட்டார்கள். எலி வளைகளுக்குள் சயனைடு தூளைப் பம்ப் வைத்து அடித்து எலியையும் தெள்ளையும் சேர்த்துக் கொல்லும் முறை அந்தக் காலத்தில் வந்தது. வெறுமனே எலியைக் கொன்றால், செத்த உடம்பை விட்டுத் தெள்ளு மனிதரைத் தேடி வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே அழிக்க வேண்டியிருந்தது. பிறகு டி.டி.டி. வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பள்ளத்தாக்கை விட்டுப் பிளேக் போனது.

மலேரியாவும் இதே மலையில் தன் வரைபடத்தை வைத்திருந்தது. பெரியாறு அணை கட்டிய ஆண்டுகளில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வளரும் அனாபிலிஸ் கொசு வகைகள் தோட்டத் தொழிலாளர்களை நெடுங்காலம் வாட்டின. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

ஆப்பிரிக்கத் தூக்க நோயும் சந்திரபூர் விவசாயியும்

நோயின் நிலவியல் என்றதும் உலகம் முழுக்கப் பொதுச் சுகாதார மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உதாரணம் ஆப்பிரிக்காவின் தூக்க நோய். டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணி ட்செட்சே ஈயின் கடி வழியாக உடலில் புகுந்து, கடைசியில் மூளையை அடைகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, புத்தி பேதலிப்பு, பிறகு மரணம். சகாராவுக்குத் தெற்கே மட்டுமே அந்த ஈ வாழ்கிறது. ஆகவே நோயும் அங்கே மட்டும்தான். 1900 முதல் 1920 வரை உகாண்டாவின் விக்டோரியா ஏரிக்கரையில், புசோகா வட்டாரத்தை மையமாகக் கொண்டு, இரண்டரை லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1903இல் டேவிட் புரூஸ் குழு ட்செட்சே ஈதான் காரணம் என்று நிறுவிய பிறகு, ஆங்கிலேய நிர்வாகம் ஏரிக்கரை மக்களை மொத்தமாக உள்நாட்டுக்கு வெளியேற்றியது. ஈயிடமிருந்து விலகினார்கள், ஆனால் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள், விட்டுப்போன நிலத்தில் புதர் மண்டி ஈ இன்னும் பெருகியது. பூச்சியின் வரைபடத்தைச் சரியாகப் படித்தவர்கள், அந்த வரைபடத்தின் மேல் வாழ்ந்த மக்களின் பிழைப்பைப் படிக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

இன்று நிலைமை வேறு. கிராமம் கிராமமாக இரத்தப் பரிசோதனை, ஈப்பொறிகள், வாயால் விழுங்கக்கூடிய ஃபெக்ஸினிடசோல் மாத்திரை என்று இடைவிடாது உழைத்து, 2018இலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் நோயாளிகளுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வெற்றியில் பெரும்பங்கு, நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஈயும் மனிதரும் சந்திக்கும் இடத்துக்கே போய்த் தேடிய நடமாடும் குழுக்களுடையது.

இந்தியாவில் தூக்க நோய் இல்லை. ஆனால் அந்த ஒட்டுண்ணியின் சகோதர இனம் ஒன்று இங்கே உண்டு. 1880இல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் குதிரைகளின் இரத்தத்தில் கண்ட டிரிபனோசோமா எவன்சி அது. ட்செட்சே தேவையில்லாமல், கால்நடைகளைக் கடிக்கும் பெரிய ஈக்கள் வழியாகவே பரவுகிறது. மாடு, குதிரை, ஒட்டகங்களுக்குச் சர்ரா நோயைத் தருகிறது. மனிதருக்கு வராது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போன ஒரு விவசாயியின் இரத்தத்தில் அது நீந்திக்கொண்டிருந்தது. மனித இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஏபிஓஎல்1 என்ற புரதம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான சுராமின் மருந்தை வரவழைத்துக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். கால்நடைகளோடு வாழ்ந்த விவசாயி என்பது அந்த நோயைப் புரிந்துகொள்வதற்கான முதல் தடயம். இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்த ஒருவர் இல்லையென்றால் அதுவும் பெயரில்லாக் காய்ச்சலாகவே போயிருக்கும்.

எல்லைக்கோடு உண்ணிக்குத் தெரியாது

போடிக்குத் திரும்புவோம். காய்ச்சல் வந்த ஒரு ஏலத்தோட்டத் தொழிலாளியின் பாதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதல் இரண்டு நாள் மருந்துக்கடை மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதுபோலத் தோன்றினால் வேலைக்கே போய்விடுவார்; ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. நான்காம் நாள் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவர், ஊசி. ஆறாம் நாள் மூச்சு வாங்கும், ஆள் சோர்ந்து தூங்கித் தூங்கி விழுவார். அசதி என்று வீட்டார் நினைப்பார்கள். மூளை உறையில் அழற்சி தொடங்கியிருக்கும். ஏழாம் நாள் ஆம்புலன்ஸில் தேனி மாவட்டத்துக் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ. முதல் நான்கு நாளில் எங்காவது ஒருவர், “எந்த மலைக்கு வேலைக்குப் போனீங்க? தரையில உக்காந்து செய்யிற வேலையா?” என்று கேட்டிருந்தால் கதையே வேறு.

கேட்காததற்கு மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோய்க் கணக்கெடுப்பின் அமைப்பே அப்படி. காய்ச்சல் உறுதியானால் பதிவேட்டில் ஏறுவது வீட்டு முகவரி. போடி நகராட்சியின் ஒரு வார்டில் சுகாதாரப் பணியாளர்கள் போய்ப் புகை அடிப்பார்கள். தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். உண்ணி இருப்பதோ இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி, வேறு மாநிலத்தில், ஒரு தோட்டத்தின் ஓடையோரம். தேனி மாவட்டம் நோயாளியைப் பார்க்கிறது, நோயின் இடத்தைப் பார்ப்பதில்லை. இடுக்கி மாவட்டத்தில் இடம் இருக்கிறது, நோயாளி சாயங்காலமே இறங்கிப் போய்விடுகிறார். இரண்டு மாநிலத்துக் கணக்கிலும் அந்தத் தோட்டம் வராமலே போகிறது. (மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இந்தச் சிக்கல் இங்கே மட்டுமல்ல. கர்நாடகத்தில் 1957இல் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் பிறகு வயநாட்டுக்கு வந்தபோதும் மாநில எல்லை அதைத் தடுக்கவில்லை.)

2020 கொரோனாக் காலத்தில் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் இதே தொழிலாளர்களை நிறுத்தி வைத்து வெப்பமானி காட்டிப் பார்த்தார்கள், பாஸ் கேட்டார்கள். ஊருக்கு ஆபத்து என்றபோது சோதனைச் சாவடியில் சுகாதாரப் பணியாளர் நிற்க முடிந்தது. அந்தத் தொழிலாளருக்கே ஆபத்து என்கிற மாதங்களிலும் நிற்க முடியும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாலை நேரத்தில் மூன்று மெட்டுப் பாதைகளிலும் ஒரு காய்ச்சல் முகாம் போதும். எந்தத் தோட்டம் என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்த படிவம், டாக்ஸிசைக்ளின், இரத்த மாதிரி எடுக்க ஒரு ஆள். தோட்ட வாரியான அந்தக் கணக்கைத் தேனியும் இடுக்கியும் வாரம் ஒருமுறை பரிமாறிக்கொண்டால், இரண்டே பருவத்தில் உண்ணித் திட்டுகளின் வரைபடம் கையில் இருக்கும். கிங்கும் பண்டிட்டும் கணினி இல்லாத காலத்தில் மாகாணம் முழுவதற்கும் அதைச் செய்தார்கள். மதுரையில் 1985இலிருந்தே நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மத்திய அரசின் ஆய்வு மையம் இருக்கிறது. ஓசூரில் மாநில அரசின் பூச்சியியல் நிறுவனம் இருக்கிறது. ஆளும் அறிவும் இல்லாமல் இல்லை.

தோட்ட முதலாளிகளுக்கும் இதில் கடமை உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை உரிமையாக எழுதி வைத்தது. ஆனால் சிறு தோட்டங்களுக்கு ஜீப்பில் வந்து அன்றாடக் கூலி வாங்கிப் போகிறவர்களை அந்த உரிமை எட்டுவதில்லை. முழங்கால் வரை பூட்ஸ், உட்கார ஒரு தார்ப்பாய், கைகால் கழுவத் தண்ணீர், பூச்சி விரட்டி எண்ணெய் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ ஏலக்காயின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய தொகையாகாது. ஓடையோரப் புதரை வெட்டி ஒதுக்குவதும், தொழிலாளர் சோறு உண்ணும் இடத்தைச் சருகில்லாமல் வைப்பதும் கூலி ஆட்களின் வேலை அல்ல, தோட்டத்தின் பொறுப்பு.

மலைக்கு வேலைக்குப் போகிற அக்கா, தங்கச்சி, அண்ணன்மாருக்குச் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. சருகின் மேல் நேரடியாக உட்காராதீர்கள். சாக்கோ பிளாஸ்டிக் படுதாவோ விரித்துக்கொள்ளுங்கள். கழற்றிய சட்டையையும் சேலையையும் புதரின் மேல் போடாதீர்கள். வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் துணியை மாற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். உடலில் ஏறிய உண்ணி கடிக்கத் தொடங்குமுன் இடம் தேடி அலையும். அந்த நேரத்தில் கழுவினால் போய்விடும். மலைத்துணியைத் தனியாக, முடிந்தால் வெந்நீரில் அலசுங்கள். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதும் இல்லை.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருந்துக்கடையோடு நிறுத்திக்கொள்ளாமல் போடி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “நான் ஏலத்தோட்டத்துல தரையில உக்காந்து வேலை பாக்குறேன். உண்ணிக் காய்ச்சலான்னு பாருங்க, டாக்டர்.”